அது சதுப்பு நிலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜெர்மன் வட்டாரத் துப்பறியும் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில். தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. எல்பே ஆற்றங்கரையில் நடக்கும் கதைகளையெல்லாம் கட்டுரையாளர் ‘சதுப்பு நிலக் கொலைக் கதைகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அந்த நிலத்தின் ஓரத்தில், ஷ்டாடே என்ற ஊரில், பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். அது சதுப்பு அல்ல.

தவறு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஜெர்மனில் ‘மார்ஷ்’ என்று ஒரு சொல். ஆங்கிலத்திலும் அதே ஓசையில் ஒன்று உண்டு, அதற்குச் சதுப்பு என்று பொருள். ஜெர்மன் மார்ஷோ ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட களிவண்டல். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து விளைய வைத்த பூமி. எங்கள் கொள்ளிடக் கரைப் பக்கம் படுகை என்போம், கிட்டத்தட்ட அதுதான். சதுப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் ‘மோர்’ (நாம் குடிக்கிற மோர் இல்லை). மார்ஷை ஒட்டி மேடாக, மணற்பாங்காகக் கிடப்பது ‘கேஸ்ட்’. மார்ஷ்காரன் பணத்திமிர் பிடித்தவன், கேஸ்ட்காரன் பஞ்சப்பாட்டு பாடுகிறவன் என்று இரண்டு பக்கமும் பழைய ஏச்சு உண்டு. இந்த நாவல்களில் மேட்டிலிருந்து ஒரு மருமகள் பள்ளத்து வீட்டுக்கு வந்தால், சண்டை எப்போது என்று பார்த்தால் போதும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். சதுப்பு என்றால் யாரும் இல்லாத இடம், மூடுபனி, கால் புதையும் சேறு. மார்ஷ் அப்படியில்லை. ஒவ்வொரு அடி மண்ணுக்கும் ஓர் ஆள் பொறுப்பு. ஷ்டாடேயிலிருந்து ஹாம்புர்க் வரை எல்பேயின் தென்கரையில் நீளும் ஆல்டஸ் லாண்ட் பகுதியில், 12ஆம் நூற்றாண்டு தொடங்கி ஹாலந்துப் பக்கமிருந்து வந்தவர்கள் கரை கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வெட்டிய வாய்க்கால்களுக்கு நடுவே நீள நீளமான பாத்திகளாகத்தான் இன்றும் நிலம் கிடக்கிறது. இப்போது அத்தனையும் ஆப்பிள். ஆற்றின் வடக்கே வில்ஸ்டர் மார்ஷ் இன்னும் பள்ளம்; கடல் மட்டத்துக்கு 3.54 மீட்டர் கீழே ஓர் இடம் அங்கே இருக்கிறது, நாட்டிலேயே தாழ்வான இடம். பம்புகள் ஓடாவிட்டால் அங்கே பயிரும் இல்லை, ஊரும் இல்லை.

ஆகவே பிணம் வாய்க்காலில் கிடப்பது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் என்று கட்டுரையாளர் கிண்டல் செய்வது எனக்கு ஒப்பவில்லை. இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் வாய்க்கால்தான், வேறு எங்கே கிடக்கும்? அதோடு எல்பே இங்கே ஒரே திசையில் ஓடுகிற ஆறு இல்லை. ஹாம்புர்க்கைத் தாண்டி கேஸ்ட்ஹாக்ட் தடுப்பணை வரை கடலின் ஏற்றவற்றம் எட்டுகிறது. தினம் இரண்டு முறை தண்ணீர் திரும்பி மேலே ஏறும். ஆற்றில் விழுந்தவர் எங்கே விழுந்தார் என்று கண்டுபிடிக்க, துப்பறியும் அதிகாரிக்கு ஏற்றவற்ற அட்டவணை வேண்டும். நல்ல எழுத்தாளர்கள் இதை வைத்தே நூறு பக்கம் ஓட்டிவிடுவார்கள்.

அடுத்தது, கட்டுரையில் அடியோடு விடுபட்டது: குடும்பம். துப்பறியும் நாவல் ஒரு வகை, குடும்ப நாவல் இன்னொரு வகை என்று கட்டுரையாளர் பிரிக்கிறார். இந்த மண்ணில் அந்தப் பிரிவு நிற்காது. மார்ஷின் பழைய சட்டம் ஒன்றை இங்கே பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்: கரை கட்ட மாட்டாதவன் விலகிப் போகணும். ஜெர்மனில் ‘டைஷன்’, ‘வைஷன்’ என்று எதுகையோடு வரும். தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாதவன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போவான். அதைப் பிடுங்கி எடுக்கிறவனுக்கு நிலமும் சேரும், கரை கட்டும் கடமையும் சேரும். அது போன காலம். இருக்கிற காலத்தில் பண்ணை வாரிசுச் சட்டம் ஒன்று இருக்கிறது, போருக்குப் பின் ஜெர்மனியில் பிரிட்டிஷ்காரர் வசம் இருந்த பகுதியில் 1947இல் வந்தது, லோயர் சாக்சனி, ஹாம்புர்க் உள்பட நான்கு மாநிலங்களில் இன்றும் செல்லும். பண்ணை துண்டாகக் கூடாது, ஒரே பிள்ளைக்குத்தான். மற்ற பிள்ளைகளுக்கு ஏதோ கொஞ்சம் பணம், அதுவும் சந்தை விலையில் கணக்குப் போட்டு இல்லை. அந்த மற்ற பிள்ளைகளுக்குச் சட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘வைஷண்டே எர்பன்’, விலகிப் போகும் வாரிசுகள். மண்வெட்டியைக் குத்திவிட்டுப் போனவனுக்குச் சொன்ன அதே வினைச்சொல்! முதன்முதலில் அதைக் கவனித்தபோது, நூலகத்தில் எடுத்து வந்திருந்த மூன்று துப்பறியும் நாவல்களும் ஒரே கதையாகத் தெரிந்தன. பட்டணத்தில் போலீஸ் வேலை பார்க்கும் மகள், அப்பாவின் ஆப்பிள் பண்ணைக்குத் திரும்பி வருகிறாள். கொலையை யார் செய்தார் என்பது இருக்கட்டும், அவள் எந்த வருடம், யாருக்காக விலகிப் போனாள் என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் நேற்று முளைத்ததும் இல்லை. தியோடோர் ஸ்டோர்ம் 1888இல் எழுதிய ‘ஷிம்மல்ரைட்டர்’, அதாவது வெள்ளைக் குதிரைக்காரன், நடப்பது ஆற்றங்கரையில் இல்லை, வட கடலோர மார்ஷில். அதைப் பேய்க்கதை என்று ஒற்றை வரியில் கட்டுரையாளர் தள்ளிவிட்டார். ஸ்டோர்ம் நீதிபதியாக இருந்தவர். கதையில் கரை அதிகாரி ஹவுக்கே ஹையன் புதுக் கரையை அருமையாகக் கட்டுகிறான். பழைய கரையில் எலிகள் குடைந்த இடத்தைக் கண்ணால் பார்த்தும், ஊர்ப்பேச்சுக்கு வளைந்து ஒப்புக்குச் சரிசெய்கிறான். புயலில் உடைவது பழைய கரை. பேயும் குதிரையும் அங்கங்கே வந்தாலும், நீதிபதி எழுதிய விசாரணை அறிக்கை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஸ்டோர்ம் பிறந்த ஹூஸும் ஊரிலேயே பிறந்தவர் எழுத்தாளர் டோர்ட்டே ஹான்சன். 2015இல் வந்த அவருடைய ‘ஆல்டஸ் லாண்ட்’ நாவல் அந்த வருடம் நன்றாக விற்றது, பிறகு தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அதில் கொலை கிடையாது. 1945இல் கிழக்கு பிரஷ்யாவிலிருந்து ஓடிவந்த ஒரு தாயும் ஐந்து வயது மகளும் ஒரு பண்ணை வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்காரிக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. பிறகு அந்த மகள்தான் அந்த வீட்டிலேயே கிழவியாகிறாள். வீட்டு முகப்பில் ஒரு பழைய வாசகம்: ‘இந்த வீடு என்னுடையது, ஆனாலும் என்னுடையது இல்லை, எனக்குப் பின்னால் வருபவரும் தன்னுடையது என்பார்.’ இந்த வட்டார வீடுகளில் மணமகள் கதவு என்று ஒன்று உண்டு. வெளிப்பக்கம் கைப்பிடியே இருக்காது, உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். மணப்பெண் உள்ளே வருவதும் சவப்பெட்டி வெளியே போவதும் அதன் வழியாக. அந்த வாசகத்தையும் இந்தக் கதவையும் தெரிந்துகொண்டு படித்தால், எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறையாத திகில்.

சரி, எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. நானூறு பேர் இருக்கும் ஊரில் வருடத்துக்கு நான்கு கொலை என்றால் எனக்கும் சிரிப்பு வரும். அட்டையில் எப்போதும் பனிமூட்டம், ஒற்றை வீடு, ஒரு காகம். வட்டார வழக்கை உப்பு மாதிரி தூவிவிட்டு மண்வாசனை என்கிறவர்களும் இருக்கிறார்கள். 1970 முதல் ஞாயிறு இரவுகளில் ஊருக்கொரு போலீஸ் அதிகாரி வரும் ‘டாட்ஓர்ட்’ தொலைக்காட்சித் தொடர் பழக்கிய பழக்கம் இது; பிறகு பதிப்பகங்கள் மாவட்டத்துக்கு ஒரு கொலைகாரனை வேலைக்கு வைத்துவிட்டன.

ஆனால் ஆப்பிள் பூக்கும் காலத்தைச் சுற்றுலா அட்டைப் படம் என்று கட்டுரையாளர் எழுதியதை மட்டும் விட மனமில்லை. வந்த புதிதில் ஒரு பண்ணை வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஏப்ரல் மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும், மழைச் சத்தம் கேட்டு எழுந்தேன். வானத்தில் நட்சத்திரம். கீழே தோட்டம் முழுக்கத் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. உறைபனிக்கு நடுவில் பூவின்மேல் தண்ணீர் அடிக்கிறார்களே, பைத்தியமா என்று நினைத்தேன். விடிந்து இறங்கிப் போனால் ஒவ்வொரு பூவும் கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தது, கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தில் தாழ்ந்திருந்தன. வீட்டுக்காரர் ரப்பர் பூட்ஸோடு வாய்க்காலோரம் நின்றார், தூங்கவே இல்லை. தண்ணீர் உறையும்போது கொஞ்சம் சூடு விடும், அந்தச் சூட்டில் மொட்டு கருகாமல் பிழைக்கும் என்றார். விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் நின்றால், அடிக்காமலே இருந்ததைவிட மோசம். பம்ப் பழுதானால், என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பம்ப் கொட்டகைப் பூட்டைத்தான் பார்த்தார்.

விலகிப் போன தம்பி ஒருவன் அந்தப் பூட்டைத் திறக்கிற நாவல் இன்னும் என் கையில் கிடைக்கவில்லை. கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், இந்த நாவல்களைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், தயவுசெய்து ஆங்கிலம் வழியாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஷ்டாடே வாசகி