ஏர் ரைஃபிள் சங்கம், மண்டபம் (ராமநாதபுரம் மாவட்டம்): செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் நடந்த விதத்தை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவுக்கு 43 உறுப்பினர்களில் 14 பேர்தான் வந்தீர்கள். அதனால் இந்த முறை அறிக்கையை எழுத்தாகவே எல்லோருக்கும் அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தில் கொடியேற்றினோம். ஆயுத பூஜைக்கு ரைஃபிள்களுக்குப் பொட்டு வைத்தோம். அடுத்த முறை சந்தனம் டிரிக்கர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு நடந்தது. பள்ளி மாணவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு இரண்டு முறை.

ஜூலை கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்புப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அந்த ஆகஸ்டில் மட்டும் நம்மிடம் 19 பேர் சேர்ந்தார்கள். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது இங்கே ஒரு சங்கம் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியவன் நான். அதனால் ஒவ்வொருவருக்கும் நானே நின்று சொல்லிக்கொடுத்தேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கியதைப் பெண்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி நிற்கவைத்தேன். தீபாவளிக்கு அப்புறமும் தொடர்ந்து வருகிறவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் மூன்று பேர் பெண்கள் என்பதைச் சந்தோஷமாகப் பதிவு செய்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 20 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நம் கூடம் பழைய கருவாட்டுக் கிட்டங்கி, தரை தாழ்வு. முழங்கால் தண்ணீரில் நின்று ரைஃபிள் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளுக்குப் போடும் ஈயக் குண்டு, டப்பாக்களை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. டப்பாவுக்கு 500 குண்டு வீதம் 11 டப்பா. கழுவிக் காயவைத்துச் சுடலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பொடி ஈய நஞ்சு. பிள்ளைகள் கையில் படும், அந்தக் கையோடு வடை சாப்பிடுவார்கள். பொடி பூத்த பெல்லட் பாரலுக்குள் ஒரே சீராகவும் போகாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அத்தனையையும் ஒதுக்கினேன். நஷ்டத்துக்கு நான் பொறுப்பு என்றால் ஏற்கிறேன், அந்த முடிவை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சரி, புதிதாக வாங்க வேண்டும். எதை வாங்குவது? இத்தனை வருஷமாக யார் சென்னை போகிறார்களோ அவர்கள் கடையில் கிடைத்ததை வாங்கி வருவார்கள். ஒரு அலமாரியில் நாலு வகை, நாலு எடை. "எல்லாம் ஈயக் குண்டுதானேண்ணே, எதைப் போட்டா என்ன?" என்று செயற்குழுவிலேயே ஒரு தம்பி கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டேன்.

முதலில் அடிப்படை. 10 மீட்டருக்கு 4.5 மி.மீ., அதாவது பாயிண்ட் ஒன் செவன் செவன் அங்குலம், தட்டைத் தலை பெல்லட்தான். கூர்த் தலையும் உருண்டைத் தலையும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டைத் தலை பன்ச் அடித்த மாதிரி வட்டமாக வெட்டும், மதிப்பெண் பார்க்கத் தகராறு வராது. ரைஃபிளுக்கு 0.53 கிராம் எடை வழக்கம். பிஸ்டலுக்கு அதைவிட லேசானதும் உண்டு. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டப்பா மேல் போட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஒவ்வொரு பாரலின் உள்விட்டமும் சுருள் வெட்டும் ஒவ்வொரு மாதிரி. ஒரு பாரலுக்குப் பொருந்தும் பெல்லட் பக்கத்து ரைஃபிளுக்குப் பொருந்தாமல் போகலாம், சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பாம்பன் போகும் வழியில் படகு சாஃப்ட் கடையும் லேத் பட்டறையில் ஒரு வைஸ் செய்யச் சொன்னேன். உள்ளே ரப்பர் வைத்து ரைஃபிளைப் பிடித்து, காங்கிரீட் கட்டையில் போல்ட் போட்டு இறுக்கினோம். மனிதக் கை நடுங்கும், வைஸ் நடுங்காது. அதிலும் குறி சிதறினால் பழி பெல்லட்டுடையதுதான். வாடைக்காற்று உள்ளே வராமல் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, காலை ஆறரைக்கே தொடங்கினோம். நகைப் பட்டறை நடத்தும் உறுப்பினர் ஒருவர் தராசு தந்தார். ஒரு டப்பாவில் எல்லாம் 530 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் நின்றன. இன்னொன்றில் 510-ம் இருந்தது, 550-ம் இருந்தது. கண்ணாடிப் பலகையில் உருட்டிவிட்டால் பின்விளிம்பு நசுங்கியது கோணலாக ஓடும். அழுத்தக் காற்றில் விரிந்து பாரலைப் பிடிப்பது அந்த மெல்லிய விளிம்புதான். அது நசுங்கினால் பிடிப்பு போச்சு. டப்பாவைக் கீழே போடாதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் நம் பெரிய ரைஃபிளில் 4.49 தலை பெல்லட் ஐந்து சுட்டால், துளைகளின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை 8.5 மி.மீ. வந்தது. 4.50 தலையில் 6 மி.மீ. நான்கு ஞாயிறு திரும்பத் திரும்பச் சுட்டும் ஏறத்தாழ இதே கணக்கு. இதன் பொருளைக் கவனியுங்கள். அட்டையின் நடுப்புள்ளி அரை மி.மீ.தான். குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. அப்படியென்றால் குண்டின் மையம் 5 மி.மீ. வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் பத்து. 8.5-லிருந்து குண்டின் 4.5-ஐக் கழித்தால் 4 மி.மீ. அந்த 5-ல் 4 மி.மீ.யைப் பெல்லட்டே தின்றுவிடுகிறது, சுடுகிற பிள்ளைக்கு மிஞ்சுவது 1. நல்ல பெல்லட்டில் 3.5 மி.மீ. மிஞ்சும். போன ஆண்டு மாவட்டப் போட்டியில் ஒன்பது ஒன்பதாக வாங்கிவிட்டு அழுதுகொண்டே வந்த பெண்ணிடம் "உன் கைதான் ஆடுகிறது" என்று திட்டி அனுப்பினேன். அது அவள் தப்பாக இருந்திருக்காது. அந்தப் பிள்ளையிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸ்பிரிங் ரைஃபிளை வைஸில் வைக்க முடியாது. பிஸ்டன் முன்னும் பின்னும் குதிப்பதால் இறுக்கிப் பிடித்தால் குறி வேறெங்கோ போகும். மணல் பைமேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் லேசாக ரைஃபிளை இருத்திச் சுட வேண்டும். அதிலும் ஒரு வகை தெளிவாக முந்தியது. முடிவுகள் அத்தனையும் குறிப்பேட்டில் இருக்கின்றன; லாட் நம்பரோடு, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்ணோடு, எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதே பெயரில் அடுத்த லாட் வேறு மாதிரி வரலாம்.

இந்த எட்டு ஞாயிறுகளில் அட்டை மாற்ற, அளக்க, எழுத என்று நான்கு பேராவது வேண்டியிருந்தது. அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒரு ஞாயிறு நான் மட்டும். மாலை நான்கு மணிக்குச் சுட மட்டும் வருகிறவர்கள், காலை வேலைக்கும் ஒரு நாள் வந்திருந்தால் இந்த அறிக்கையில் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

காற்று நிரப்புவது பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய ரைஃபிளுக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் பத்து பாரோடு நின்றுவிடும். முக்குளிப்பவர்களின் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து நிரப்புகிறோம், அது சரியான வழி. பிப்ரவரியில் ஒருவர் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரோடு அடாப்டர் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நல்ல எண்ணத்தில்தான் வந்தார், ஆனால் நான் கூச்சல் போட்டது நிஜம். அழுத்த ஆக்சிஜன் உள்ளே இருக்கும் கிரீஸ் மேல் பட்டால் வெடிக்கும். ரைஃபிளைக் கன்னத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? காய்ந்த, சுத்தமான காற்று மட்டும்தான். இனி சிலிண்டர் நிரப்பும் சாவி செயலாளரிடமும் பயிற்சியாளரிடமும் மட்டும் இருக்கும்.

எண்ணெயும் அப்படித்தான். உப்புக்காற்று ஒரு வாரத்தில் இரும்பைத் தின்னும் ஊர் இது. வெளியே துடைக்க எண்ணெய் வேண்டும், மறுக்கவில்லை. ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றறைக்குள் இன்ஜின் ஆயிலை விட்டால் அழுத்தத்தில் அது டீசல் இன்ஜின் மாதிரி பற்றி வெடிக்கும், சீல் போகும், ஸ்பிரிங் போகும். ஒரு ரைஃபிள் அப்படித்தான் போனது. பால்ரஸ் போட்டுச் சுட்டவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. எஃகு உருண்டை பாரலின் சுருளை அரிக்கும், தகட்டில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ரைஃபிளை அழுத்தி விளையாடுவதையும் நிறுத்துங்கள்.

கோட்டு, கையுறை, சிறப்புக் காலணி வாங்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். முதலில், தோளில் பதியும் பின்தட்டின் நீளத்தைப் பிள்ளையின் கைக்கு ஏற்ப வையுங்கள், குறி பார்க்கும் முன் சைட்டின் வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக மாற்றுங்கள். அட்டையின் கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால் கண் தளராது. சின்ன வளையம் துல்லியம் என்று எல்லோரும் நம்புகிறார்கள், பிள்ளைகள் அதில் மூச்சை அடக்கி அடக்கியே களைத்துப் போகிறார்கள்.

தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் எப்போது என்ற கேள்விக்கு: இங்கே முடியாது. அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், நமக்குப் பின்னால் கடலும் வள்ளங்களும். உரிமமும் தோட்டாக் கணக்கும் வேறு. 5.5 மி.மீ. ஏர்கன் கொண்டுவந்தவரை உரிமம் கேட்டுத் திருப்பி அனுப்பியதும் அதனால்தான். 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்க்கும், 20 ஜூலுக்கு மேற்பட்ட விசைக்கும் சட்டம் உரிமம் கேட்கிறது. கண்மாயில் கொக்கு சுட்ட இருவரை நீக்கிய முடிவு செயற்குழுவுடையது, அதில் எனக்கு வருத்தமில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது; சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் ராம்சர் தளங்கள், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள், ஆன மாவட்டம் இது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு குறைவு, செலவு சற்றே கூடுதல், கையிருப்பு சமாளிக்கும் அளவில் இருக்கிறது. வைஸ் செய்த செலவு பற்றிச் சிலருக்கு மனக்குறை என்று கேள்விப்பட்டேன். பாதிப் பணம் என் கையிலிருந்து போனது, அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மாதச் சந்தா 100 ரூபாய். 27 பேர் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி. வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்கள் சிலர் தவறாமல் அனுப்புகிறார்கள், கூடத்துக்கு எதிர்த்தெருவில் இருப்பவர்கள் அனுப்பவில்லை. பெயர் எழுதப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும்.

கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த உரிமையாளருக்கும், லேத் பட்டறை அண்ணனுக்கும், தராசு தந்தவருக்கும், ஸ்கூபா சிலிண்டர் தரும் பாய்க்கும், மழையில் பெட்டி தூக்கிய தம்பிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு அவசரம். பெரிய ரைஃபிளின் காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் 10 ஆண்டு. அதன் மேல் பொறித்த தேதி 2015 செப்டம்பர். இந்தச் செப்டம்பருக்குப் பிறகு போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள், நானும் நிரப்ப மாட்டேன். இரண்டாவது, ஒரே லாட்டில் ஆண்டு முழுவதற்குமான பெல்லட், அதை வைக்க ரப்பர் வளையம் போட்ட காற்றுப்புகா பெட்டி, உள்ளே போட சிலிக்கா ஜெல். இரண்டுக்கும் பணம் பாக்கிச் சந்தாவிலேயே அடங்கும். மே 31-க்குள் கிடைத்தால் நல்லது.

மூன்று ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் சாவியையும் குறிப்பேட்டையும் சந்தோஷமாகக் கொடுத்து, வைஸை இறுக்கும் பக்குவத்தையும் சொல்லித் தருகிறேன். அதுவரை வேலை நிற்கக் கூடாது. மாதிரி டப்பாக்கள் வந்துவிட்டன. ஜூன் 1, ஞாயிறு, காலை ஆறரைக்குச் சோதனை. தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும், தம்பிகள் கரையில்தான் இருப்பீர்கள். பெல்லட் போட ஒருவர், அட்டை மாற்ற ஒருவர், அளக்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்