செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல், சித்திரை விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மூன்றும் நல்லபடியாக நடந்தன. பொங்கலன்று பனி கொட்டியதால் வெளியே அடுப்பு மூட்ட முடியவில்லை. அரங்கின் சமையலறையிலேயே பால் பொங்கியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்கக் கிரிப்பிள் கிரீக் சுரங்கப் பயணம் பற்றியது. செயற்குழு இந்த ஆண்டு அதிகம் சண்டை போட்டது அதற்காகத்தான்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் நாம் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பைக்ஸ் பீக் மலைக்கு அந்தப்பக்கம், கிரிப்பிள் கிரீக் என்ற ஊரில் இருக்கிறது மாலி கேத்லீன் தங்கச் சுரங்கம். மாலி கேத்லீன் கோர்ட்னர் என்ற பெண்மணி 1891இல் அங்கே தங்கம் கண்டு, தன் பெயரிலேயே உரிமை பதிந்தார். 1961இல் தங்கம் எடுப்பது நின்றது; சுற்றுலா மட்டும் தொடர்ந்தது. நெருக்கியடித்து நிற்க வேண்டிய சின்னக் கூண்டு லிஃப்டில் 1,000 அடி கீழே இறக்கிவந்தார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்த இடம் இல்லை. 2024 ஆகஸ்டில் நாமும் போய் வந்தோம்.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 10ஆம் தேதி, அந்த லிஃப்டில் சுமார் 500 அடி ஆழத்தில் கோளாறு ஏற்பட்டு வழிகாட்டி ஒருவர் இறந்துபோனார். ஏற்கெனவே கீழே போயிருந்த 12 பேர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அங்கேயே காத்திருந்தார்கள். லிஃப்ட் சரியான பிறகு அதிலேயே மேலே வந்தார்கள். செய்தியைப் பார்த்த இரவு நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழு விடியும்வரை ஓயவில்லை.

அது லிஃப்ட் விபத்து. பக்கத்தில் மலையை மேலிருந்தே வெட்டி நடக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தின் தலையில் அதைக் கட்டக் கூடாது. ஆனால் பேச்சு அங்கேதான் போனது. கிரிப்பிள் கிரீக்குக்கும் விக்டர் என்ற பக்கத்து ஊருக்கும் இடையே 1990களில் தொடங்கிய அந்தத் தங்கச் சுரங்கம் படிப்படியாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. 2015இல் ஆங்லோகோல்ட் அஷாந்தி நிறுவனத்திடமிருந்து நியூமாண்ட் நிறுவனத்துக்கும், 2025 பிப்ரவரியில் எஸ்.எஸ்.ஆர். நிறுவனத்துக்கும் கைமாறியது. அங்கே வெடி வைப்பது அன்றாட வேலை. நூறு வருடத்துச் சுரங்கப்பாதைகள் மலைக்குள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. குழி விரிய விரிய அவற்றில் சில வெளியே திறந்துகொள்ளும்.

வெடியின் அதிர்வுதான் ஆபத்து என்று முதலில் நானும் நினைத்தேன். படித்துப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980இல் பரிந்துரைத்த அதிர்வு வரம்பு, அதிர்வெண்ணைப் பொறுத்து, தரை அசையும் வேகம் நொடிக்கு அரை அங்குலம் முதல் 2 அங்குலம் வரை. அது வீட்டுச் சுவரில் விரிசல் விழாமல் இருக்கப் போட்ட கணக்கு. பழைய மரச் சட்டம் தாங்கும் கூரைக்கும், கூண்டு ஓடும் குழிக்கும் போட்டதல்ல. அதேசமயம், ஆழத்தில் உள்ள கெட்டிப் பாறையில் அதிர்வு பொதுவாகத் தரைமட்டத்தைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றுவது காற்று. கிரிப்பிள் கிரீக் பாறை பழைய எரிமலையின் நொறுங்கிய பாறை, சல்லடை மாதிரி. காற்றழுத்தம் இறங்கும் நாட்களில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த காற்று பாறை விரிசல்கள் வழியே சுரங்கத்துக்குள் கசியும். இது அந்த வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. பக்கத்துக் குழி ஒரு பழைய பாதையைத் திறந்தால் காற்று போகும் வழியும் மாறலாம். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராது.

செயற்குழுக் கூட்டத்துக்கு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் பாறை தானாக வெடிப்பதை அங்கே ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்களாம். மேலே வீட்டு அலமாரியில் பாத்திரம் உருளுமாம். “வெடி வைக்கிற நேரம் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பாறை என்ன பண்ணும்னுதான் தெரியாது. அதை விடு தம்பி, கூண்டு நின்னா ஏறி வர ரெண்டாவது வழி இருக்கான்னு கேட்டீங்களா?” என்றார். ஆகஸ்டில் 32 பேரைக் கூட்டிப்போன நான் அதைக் கேட்கவில்லை. அது என் தவறு.

மறுபக்க வாதமும் இருந்தது. மலைச்சாலையில் கார் ஓட்டிப்போவதுதான் இதைவிட ஆபத்து என்றார் ஓர் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஏழுக்கு நான்கு என்ற கணக்கில், சங்கத்தின் பெயரில் பூமிக்கடியில் போகும் பயணத்தை நிறுத்தி வைக்க முடிவானது. தனியாகப் போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை.

பதிலுக்கு இந்த வசந்த காலத்தில் நம் ஊரிலேயே இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். நீராவி எஞ்சினைப் பெரியவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் “எப்போ கீழே போவோம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மாநிலச் சுரங்கத் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மாலி கேத்லீனிலிருந்து எவ்வளவு தூரத்தில் அதிர்வை அளக்கிறார்கள், காற்றை எப்போதெல்லாம் சோதிக்கிறார்கள், லிஃப்டைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறேன். சுற்றுலாச் சுரங்கப் பாதுகாப்பையும் திறந்தவெளிச் சுரங்க அனுமதியையும் கவனிப்பது ஒரே துறைதான். எனவே ஒரே கடிதம் போதும். திறந்தவெளிச் சுரங்கத்தின் அனுமதிக் கோப்பு எண் எம்-1980-244. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அடுத்த விரிவாக்க விண்ணப்பம் வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு. அதைக் கவனித்துச் சொல்ல இரண்டு பேர் முன்வந்தால் நன்றாக இருக்கும்.

கடிதத்தின் வரைவு, காபி வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. இன்று பொதுக்குழு ஒப்புதல் தந்தால் திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்