தேடாதது எங்கள் குற்றமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் உங்கள் கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “மென்பொருளில் எல்லா வசதியும் இருக்கிறது, நம் ஆட்கள்தான் செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.” இதை அச்சுக்கு அனுப்பும் முன் உங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் திருவல்லிக்கேணியில் 26 வருடமாக டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் கட்டும் வேலை, பார்ப்பவன். எட்டிப் பார்க்காத சோம்பேறிகளில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் கட்டுரைகளை பென் டிரைவில் கொண்டுவந்தார். புத்தகமாக 212 பக்கம் வந்தது. எல்லாம் யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் செல்லும் பொது எழுத்துக் குறியீட்டு முறையில், அவரே அடித்தது. நான் பக்கம் கட்டும் மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா? அதில் கொண்டுபோய் ஊற்றினேன். கொம்புகளெல்லாம் இடம் மாறிவிட்டன. ‘செல்வி’யில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஐயா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “நான் ஒழுங்காத்தானே தம்பி அடிச்சேன்?” என்றார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

அவர் ஒழுங்காகத்தான் அடித்திருந்தார். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு என்றுதான் கோப்பில் பதிவாகும். கண்ணுக்குக் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. நானோ இந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது என்று முடிவுகட்டி, முழுப் புத்தகத்தையும் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவுக்கு மாற்றினேன். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அப்படி மாற்றியதில் இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாயின. ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்த 11 இரவு ஆயிற்று. அதற்குக் கூலி கேட்க வாய் வரவில்லை, விட்டுவிட்டேன்.

மறுவருடம் இன்னொரு வேலையிலும் அதே கொம்புக் கூத்து. ஸ்டேப்ளர் பின் வாங்க வந்த பக்கத்துக் கடைப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, “கம்போசரை மாத்தலையாண்ணே?” என்றாள். எழுத்துகளை வரியில் அடுக்கிக் காட்டும் வசதிக்குத்தான் அந்தப் பெயர். பத்திக்கான பேனலின் வலது மூலையில் பொடிசாக மூன்று கோடு இருக்கிறது, எள்ளை வரிசையாக வைத்த மாதிரி. அதை அமுக்கினால் நீளமாக ஒரு பட்டியல் விரிகிறது. அதற்குள், ‘உலகத்துக்கே தயார்’ என்று பொருள்படும் பெயரில் ஒன்று. தமிழ் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. அமுக்கினாள். கொம்புகள் அத்தனையும் தத்தம் இடத்துக்கு வந்து நின்றன. “இவ்ளோதாண்ணே” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வசதி 2012-இலேயே வந்துவிட்டதாம். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசே யூனிகோடுக்கு மாறச் சொல்லியும், ‘யூனிகோடு அச்சுக்கு ஆகாது’ என்று எங்கள் தெருவில் வேதம்போல் ஓதிக்கொண்டிருந்தோம். ஆகும் என்பது மூன்று கோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்த பிறகாவது நிம்மதி உண்டா? கோப்பைத் திறந்துவைத்து மாற்றினால் அந்தக் கோப்போடு சரி. எந்தக் கோப்பும் திறக்காமல், வெறும் மென்பொருளை மட்டும் திறந்துவைத்து மாற்றினால்தான் இனி தொடங்கும் கோப்புகளுக்கு ஒட்டும். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள், நான் எட்டிப் பார்க்க?

மற்றபடி அந்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெட்டியை இழுத்தால் பெட்டி, படத்தைத் தூக்கிப் போட்டால் படம். பெட்டிக்குள் கொள்ளாமல் எழுத்து வழிந்தால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி காட்டிக் கூப்பிடும். எழுத்துரு இல்லையென்றால் அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பூசிக் காட்டும். இத்தனை சூட்டிகையான பிள்ளை, தமிழ் உடைந்து கிடந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஏமாந்ததே அங்கேதான். முரட்டு மென்பொருளாக இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே நோண்டியிருப்பேன். எல்லாவற்றையும் கண்முன் எடுத்து வைப்பவன், கண்ணில் படாததை இல்லாதது என்றுதானே நம்பவைக்கிறான்?

இந்த ஒளித்துவைத்து விளையாடும் புத்தி பெரிய இடத்திலிருந்தே வருகிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அத்தனை பேருக்கும் பழகிப்போன ஸ்டார்ட் பட்டனையே காணாமல் செய்தார்கள். மறுவருடம் 8.1-இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு தடவை தட்டினால் மென்பொருள் எழுதுபவர்களுக்கான ஒரு ரகசியப் பட்டியலே திறக்கும். பிள்ளையாருக்குக்கூட மூன்று குட்டுதான். சரி, தெரியாதவன் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று அதை மறைத்ததில் நியாயம் இருக்கிறது. தமிழைத் தமிழாகக் காட்டுவதில் என்ன ஆபத்து என்று மறைத்தார்கள்?

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கம்பெனியில், கேட்டால் சொல்ல நாலு பேர் இருக்கும் இடத்தில் வேலை செய்பவராக இருப்பார். எங்களுக்கு வாய்த்தது ஸ்டேப்ளர் பின் வாங்க வந்த பெண்தான்.

கேட்பது சின்ன விஷயம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின் கீழே வாரம் ஒரு வசதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாலு வரி போடுங்கள். எந்த மூலை, எந்தக் குறி, எந்த வரி என்று திரையில் உள்ளபடி இருக்கட்டும். தத்துவம் வேண்டாம்.

இன்னொன்று. அதே இதழின் 31-ஆம் பக்க விளம்பரத்தில் ‘பெருவிழா’வின் கொம்பு ரகரத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. செய்தவரைத் திட்ட வேண்டாம். அந்த மூன்று கோட்டைக் காட்டிக்கொடுங்கள், போதும்.

தங்கள்,
டி.டி.பி. தொழிலாளி ஒருவன்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.