மருத்துவ அலட்சிய வழக்குகளும் கேட்டுப் பெறாத கேஸ் ஷீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனையில் நோயாளி இறந்ததும் உறவினர்கள் உடலை வாங்க மறுத்துச் சாலை மறியல் செய்ததாகவும், போலீசார் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்துக் கலைந்து சென்றதாகவும் தங்கள் நாளிதழின் டெல்டா மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். ‘தவறான சிகிச்சையால் பலி’ என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அந்த விவகாரம் பின்னர் என்ன ஆயிற்று என்ற செய்திதான் வருவதில்லை. வழக்கறிஞர் குமாஸ்தாவாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறுவதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன என்பதை எழுத விரும்புகிறேன்.

நோயாளி பிழைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் மருத்துவர்மீது குற்றம் காண்பதில்லை. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அதே சூழ்நிலையில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதே கேள்வி. இங்கிலாந்தில் 1957-இல் போலம் வழக்கில் சொல்லப்பட்ட இந்த அளவுகோலை நமது உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் ஏற்றுக்கொண்டது. குற்ற வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றும், விசாரணை அதிகாரி நடவடிக்கை எடுக்குமுன் மற்றொரு மருத்துவரின், முடிந்தவரை அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும் என்றும், புகார் வந்ததாலேயே வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே மருத்துவமனை வாசலில் ‘டாக்டரைக் கைது செய்’ என்று எழும் முழக்கத்துக்கு ஆய்வாளர் இணங்காதபோது, அவர் விலைபோய்விட்டார் என்று எல்லா இடத்திலும் பேசுவது சரியல்ல.

இழப்பீடு வேறு வழி. கட்டணம் பெற்று அளிக்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். சென்னையில் சிகிச்சை பெற்ற திருத்துறைப்பூண்டிக்காரர் திருவாரூரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் கெடு இரண்டு ஆண்டுகள். போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. இரண்டும் தனித்தனி நடவடிக்கைகள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் ராஜி பேசி, புகார் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, உடலைத் தகனம் செய்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் பலர் வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். மஞ்சள் பைக்குள் மருந்துக்கடை ரசீதுகள், ஸ்கேன் படம், ஒரே பக்கத்தில் அச்சிட்ட சிகிச்சைச் சுருக்கம் ஆகியவை இருக்கும். மருத்துவமனை வைத்திருக்கும் முழுச் சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட் இருக்காது. செவிலியர் மணிவாரியாகக் குறித்த ரத்த அழுத்தம், மயக்க மருந்து கொடுத்த நேரம், பிரசவ வலி கண்ட பெண்ணின் குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைந்தது எப்போது, மருத்துவருக்குத் தகவல் சொன்னது எப்போது, அவர் வந்தது எப்போது என்பனவெல்லாம் அதில்தான் இருக்கும். அலட்சியம் நடந்ததா என்பது பல வழக்குகளில் அந்த நேரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் தெரியும். சுருக்கத்திலோ ‘சிகிச்சை பலனின்றி’ என்ற ஒரே வரி. உடலை அறுக்க வேண்டாம் என்று பிரேதப் பரிசோதனையையும் தடுத்துவிட்டால், இறப்பின் காரணத்தை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரது பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். கிடைத்ததற்கு ஒப்புகை பெறும் வகையில் தபாலில் கேட்பது நல்லது. கேட்டும் தராமலிருந்தால் அந்த மறுப்பே மருத்துவமனைக்கு எதிராக நிற்கக்கூடும்.

கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொருவர் சாட்சி சொல்ல முன்வருவது அபூர்வம். ஒரே சங்கத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காருபவர்கள் அவர்கள். இதற்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு டைபாய்டு சிகிச்சை அளித்ததாக வந்த கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்குகளிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. தவறு வெளிப்படையாகத் தெரியும்போது ஆவணமே பேசும். ஆவணம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வராது. உரிமையியல் நீதிமன்றத்துக்கோ, அரசுக்கு எதிராக நேரடியாகத் தாக்கல் செய்யும் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கோதான் செல்ல வேண்டும். தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்தார் சென்னைக்கும் அலைய வேண்டியிருக்கும். காலமும் பிடிக்கும். மகாராஷ்டிரத்தில் 1963-இல் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி விடப்பட்டு இறந்த பெண்ணின் வழக்கில், அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-இல்தான். இந்தத் தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல என்னால் இயலாது.

கேஸ் ஷீட்டைக் கேட்பது மருத்துவர்களுக்கு எதிரான செயலும் அல்ல. கவனமாகச் சிகிச்சை செய்தவரை அவர் எழுதி வைத்த குறிப்புகளே விடுவிக்கும். மருத்துவமனையைத் தாக்கி, 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி தாமே குற்றவாளியாகிறவர்கள் நியாயமான கோரிக்கையையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தியைத் தரும்போது, பிரேதப் பரிசோதனை நடந்ததா, கேஸ் ஷீட் நகல் கேட்கப்பட்டதா என்ற இரண்டையும் விசாரித்துச் சேர்த்து எழுதுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் நுகர்வோர் ஆணையங்களின் மருத்துவத் தீர்ப்புகளை, மனு தள்ளுபடியானாலும் சரி, என்ன காரணத்தால் என்ற விவரத்துடன் ஒரு பத்தி அளவிலேனும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
மன்னார்குடி.