சனிக்கிழமை கொச்சிக்கடை போகிறோம்

குழு உறவுகளுக்கு வணக்கம். இந்தச் சனி காலை 8 மணிக்குக் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் முன்வாசலில் சந்திப்போம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள் என்பதால் அன்று வேண்டாம், அன்றைய கூட்டத்தில் சுவரைக்கூடப் பார்க்க முடியாது!

போகுமுன் கொஞ்சம் கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ சுவாமி வியாபாரி வேடத்தில் மறைந்து பூசை செய்தாராம். கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் ஓடினார்கள்; அவர் மணலில் சிலுவை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியது என்பது மரபு. அந்த இடத்தில் எழுந்த சின்னக் கோயில்தான் பின்னர் வளர்ந்தது. அந்தோனியார் சொரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்தது. 1828இல் பெரிய கோயிலுக்கு அடிக்கல், 1834இல் அபிஷேகம், 1938இல் விரிவாக்கம்.

உள்ளே கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சிதறியது அதுதான். கடற்படையினர் திருத்த வேலை செய்து, ஜூன் 12இல், அதாவது திருவிழாவுக்கு முதல்நாள், மீண்டும் அபிஷேகம் நடந்தது. பழைய கட்டடத்தை இவ்வளவு வேகமாகத் திருத்தியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வாசலில் சோதனை இருக்கும், பெரிய பைகள் வேண்டாம். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.