பேஸ்மென்ட் வீட்டுக்குக் குடிபோகும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து மாமா எழுதுகிறேன். கனடாவில் டொராண்டோவில், தரைக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் வீடு அமைந்துவிட்டது, குளிருக்கு எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போய் இப்படித்தான் குடியேறுகிறார்கள். அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக்காரரிடம் பேசு. டொராண்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. அதைக் கேட்கக் கூச்சப்படாதே. நீ வாங்கப்போகும் ஹீட்டர் அதற்குத் துணைதான்.

கடையில் விதவிதமாக இருக்கும், விலையும் ஏணி மாதிரி ஏறும். ஆனால் அட்டையைத் திருப்பிப் பார், முக்கால்வாசி 1500 வாட்தான். கரண்டை மிச்சப்படுத்தும் ஹீட்டர் என்று எவனாவது விற்றால் நகர்ந்துவிடு. கரண்டை நேராகச் சூடாக மாற்றும் சாதனம் எதுவானாலும் 1500 வாட் வாங்கினால் 1500 வாட் சூடுதான் தரும். 8 மணி நேரம் விடாமல் ஓடினால் 12 யூனிட். விலை கூடினால் சூடு கூடாது. ஃபேன் வைத்தது சட்டென்று சூடாக்கும், இரைச்சல் போடும். சிவப்பாக எரியும் குழாய் வைத்தது எதிரே இருக்கிற ஆளைத்தான் சூடாக்கும். போர்வை பக்கத்தில் போனால் வினை. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் சூடாக நேரமாகும், ஆனால் சத்தம் கிடையாது, அணைத்த பிறகும் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சாய்ந்தால் தானே அணைய வேண்டும், அதிகம் சூடானாலும் அணைய வேண்டும். சிஎஸ்ஏ முத்திரை மாதிரி அந்த நாட்டில் செல்லும் பரிசோதனை முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

ஹீட்டரை விட வயர்தான் எனக்குக் கவலை. இங்கே 230 வோல்ட், 1500 வாட் ஹீட்டர் ஆறரை ஆம்பியர்தான் இழுக்கும். அங்கே 120 வோல்ட். அங்கே விற்கும் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரணப் பிளக் பாயிண்டுக்கு வரும் லைன் பெரும்பாலும் 15 ஆம்பியர். மணிக்கணக்கில் ஓடும் பொருளுக்கு அதில் 80 சதவீதம், அதாவது 12 ஆம்பியர்தான் கணக்கு. ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது பார். பல பேஸ்மென்ட் வீடுகளில் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே லைன்தான் ஓடும். ஹீட்டர் ஓடும்போது உன் வீட்டுக்காரி மிக்ஸியைப் போட்டால், லோடு கூடினால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்தாலும் விழும். விழுந்தால் திட்டாதே, அது தன் வேலையைச் செய்கிறது. ஹீட்டரைக் குறைந்த அளவில், 750 வாட்டில் வைத்து ஓட்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருநாளும் செருகாதே, நேராகச் சுவர்ப் பாயிண்டில்தான்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, முள் கருத்திருந்தாலோ, பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தாலோ பெரும்பாலும் பாயிண்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாயிண்டை மாற்றாமல் மறுபடி போடாதே. நம் ஊர் இஸ்திரிப் பெட்டி பிளக்குகள் பாதி இப்படித்தான் கருகுகின்றன.

அப்புறம், ஐப்பசி அடைமழைக்குத் துணியை அடுப்படிக் கொடியில் காயப்போட்டே வளர்ந்தவன் நீ. ஹீட்டர் மேல் ஒரு கைக்குட்டைகூடப் போடாதே. கட்டில், திரை, அட்டைப்பெட்டி எல்லாம் சுற்றிலும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தூங்கும்போது அணைத்துவிட்டுத் தூங்கு. இங்கிருந்து ஹீட்டர் ராடு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதே, 120 வோல்ட்டில் அது கால்பங்கு சூடுதான் தரும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்ட வேண்டும் என்று அக்கா தூபக்காலும் ஒரு பை கரியும் உன் பெட்டியில் வைத்திருக்கிறாள். நம் ஓட்டு வீட்டில் இண்டு இடுக்கெல்லாம் காற்று போய்வரும், புகை தங்காது. அங்கே குளிருக்குப் பயந்து ஜன்னல் அத்தனையையும் இறுக்கி அடைத்திருப்பார்கள். கரி தணலாகக் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கும், தூக்கத்தில் என்றால் அதுவும் தெரியாமல் போகும். கரி அடுப்பும் வேண்டாம், மண்ணெண்ணெய் ஹீட்டரும் வேண்டாம், வெளியில் வைக்கிற கேஸ் ஹீட்டரும் வேண்டாம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸும் பெரும்பாலும் பேஸ்மென்டிலேயேதான் இருக்கும். அதன் பக்கத்தில் சாமான் அடுக்காதே. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அமுக்கிப் பார். அவசரத்துக்கு ஜன்னல் வழியாக ஆள் வெளியேற முடியுமா என்றும் பார்த்துக்கொள்.

பிரேக்கர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள். ஒரு போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பு. கரிப்பையை இங்கேயே எடுத்து வைத்துவிட்டுப் போ. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா