ஜனவரி 2-ஆம் தேதி விலை

மினசோட்டா,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஏரிகளில் பனிக்கட்டி உடைந்துவிட்டது, வெயில் தலைகாட்டுகிறது. நாளை சித்திரை ஒன்று. உங்களுக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு நமஸ்காரங்கள்.

நகராட்சி வருவாய்ப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தவர் என்பதால் "அங்கே வீட்டு வரியை எதை வைத்துப் போடுகிறார்கள், ஆட்சேபணை வந்தால் யார் கேட்கிறார்கள்?" என்று விசாரித்திருந்தீர்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இந்த மாதம்தான் அதற்கான காலமும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் சதுர அடி, மண்டலம், கட்டட வகை பார்த்து வாடகை மதிப்புக் கணக்கிட்டு அரையாண்டு வரி போடுவீர்கள். இங்கே வாடகைக்கு வேலையில்லை. வீட்டை விற்றால் சந்தையில் என்ன விலை போகும் என்பதுதான் அடிப்படை. அதுவும் ஒரே ஒரு நாளின் விலை: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2. இந்த ஆண்டு ஜனவரி 2-இல் வைத்த மதிப்புக்கு அடுத்த ஆண்டு, 2026-இல், மே 15, அக்டோபர் 15 என்று இரண்டு தவணையாக வரி கட்ட வேண்டும். இந்த ஒரு வருட இடைவெளி புரியாததால்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். மதிப்பு நோட்டீஸ் மார்ச், ஏப்ரலில் தபாலில் வரும். அதில் கட்ட வேண்டிய தொகை இருக்காது என்பதால் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். நவம்பரில் உத்தேச வரித் தாள் வந்ததும் பதறிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார்கள். அதற்குள் மதிப்பை ஆட்சேபிக்கும் உள்ளூர்க் கதவு சாத்தப்பட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும்.

அந்த விலையை அசெஸர், அதாவது வீடுகளை மதிப்பிடும் அதிகாரி, தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2025 மதிப்புக்கு 2023 அக்டோபர் 1 முதல் 2024 செப்டம்பர் 30 வரை நடந்த விற்பனைகளை எடுத்துக்கொள்வார்கள். விற்ற வீடுகளுக்கு அவர் வைத்திருந்த மதிப்பை உண்மையான விற்பனை விலையால் வகுப்பார்கள். அந்த விகிதங்களின் நடு எண் 90 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே போனால் மாநில வருவாய்த் துறை தலையிட்டு, அந்த ஊர் மதிப்புகளை மொத்தமாக ஏற்றவோ இறக்கவோ உத்தரவிடும். விற்பனை விலை எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். 3,000 டாலருக்கு மேற்பட்ட எந்த விற்பனைக்கும் விலைச் சான்றிதழ் ஒன்றை மின்வழியில் தாக்கல் செய்தாக வேண்டும். அதை யாரும் மாநிலத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை எழுதி மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரியும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுவே. ஆட்சேபிக்கிறவர் கையிலும் அசெஸர் கையிலும் ஒரே தகவல்தான் இருக்கிறது.

ஆட்சேபணையைக் கேட்பது யார் என்பதற்கு வருகிறேன். பல ஊர்களில் நகர மன்ற உறுப்பினர்களே வருடத்தில் ஒரு முறை மதிப்பு மேல்முறையீட்டுக் குழுவாக உட்காருகிறார்கள். ஏப்ரல் 1-க்கும் மே 31-க்கும் இடையில் ஒரு நாள். அவர்களில் குறைந்தது ஒருவராவது வருவாய்த் துறையின் பயிற்சியை முடித்து, கூட்டத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் அதிகாரத்தையே இழந்து, வேலை கவுன்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற மேல் நிர்வாகத்துக்கு, போய்விடும். தன் வீடு, சொந்தக்காரர் வீடு பற்றிய மனு வந்தால் அந்த உறுப்பினர் முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. வேறு சில ஊர்களில் இந்தக் குழு இல்லை. "ஓப்பன் புக்" என்று அசெஸருடன் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் நாள் வைக்கிறார்கள். எந்த ஊரில் எது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது நோட்டீஸிலேயே அச்சிட்டிருக்கும்.

மன்றத்துக்குப் போகும்முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நோட்டீஸ் வந்த வாரமே அசெஸர் அலுவலகத்துக்குப் போன் செய்து, வீட்டைப் பற்றிய பதிவு அட்டையின் நகலை வாங்க வேண்டும். நீங்கள் வைத்திருந்த வரிவிதிப்புப் பதிவேடு மாதிரிதான், இன்னும் விவரமாக இருக்கும்: தரைக்கு மேல் எத்தனை சதுர அடி, நிலவறை எவ்வளவு, அதில் எத்தனை பாகம் சுவர், தரை, கூரை போட்டு முடித்தது, குளியலறைகள், கணப்பு அடுப்பு, எத்தனை கார் நிற்கும் கராஜ், கட்டிய ஆண்டு, கட்டுமானத் தரம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து பார்த்து உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடுவார்கள். வெறும் கான்கிரீட் நிலவறை "முடித்தது" என்று பதிவாகியிருப்பதும், இரண்டு குளியலறை மூன்றாக ஏறியிருப்பதும் நடக்கக்கூடியவை. இப்படிப்பட்ட பிழைக்கு மன்றம்வரை போகவே வேண்டாம். அசெஸரை உள்ளே அழைத்துக் காட்டினால் அவரே திருத்திவிடலாம். உள்ளே விட மறுத்தவருக்கு மன்றம் ஒரு டாலர்கூடக் குறைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அன்னியரை வீட்டுக்குள் விடத் தயங்குகிற நம் ஆட்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவு சரியாக இருந்து, விலைதான் அதிகம் என்று தோன்றினால், ஒத்த வீடுகளின் விற்பனையைத் திரட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து போதும். அதே வட்டாரம், அதே வகை: ஒரே தளத்து வீட்டை மாடி வீட்டோடு ஒப்பிட்டால் எடுபடாது. பரப்பு, வயது, நிலத்தின் அளவு எல்லாம் நெருங்கி இருக்க வேண்டும். ஏரியைப் பார்த்த மனைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டிய மனைக்கும் விலை எட்டாத தூரம். வங்கி ஜப்தி செய்து விற்றது, அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது போன்றவை சந்தை விற்பனையாகக் கணக்கில் வராது. இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரியாது. 2023 நவம்பரில் விற்ற வீட்டின் விலையை அப்படியே நீட்டக் கூடாது. அதற்குப் பிறகு சந்தை ஏறியிருந்தால் அசெஸர் அந்த ஏற்றத்தைச் சேர்த்து ஜனவரி 2 விலையாக மாற்றித்தான் ஒப்பிடுவார். அதனால் முன்பு சொன்ன அக்டோபர் முதல் செப்டம்பர் வரையான காலத்தின் கடைசி மாதங்களில் நடந்த விற்பனை கிடைத்தால் அதற்கு வலு அதிகம். இந்த மார்ச்சில் பக்கத்து வீடு மலிவாகப் போயிற்று என்றால் அது அடுத்த வருட மதிப்புக்கான சான்று, இந்த வருடத்துக்கு அல்ல.

அஸ்திவாரத்தில் விரிசல், கூரை ஒழுக்கு, நிலவறையில் தண்ணீர் போன்ற குறைகள் இருந்தால் தேதியோடு படமும் ஒப்பந்தக்காரரின் எழுத்து மூல மதிப்பீடும் கொண்டுபோக வேண்டும். 15,000 டாலர் செலவு என்றால் 15,000 அப்படியே குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாங்க வருகிறவர் அந்தக் குறைக்காக எவ்வளவு குறைத்துக் கேட்பார் என்பதுதான் கணக்கு.

கூட்டம் பெரும்பாலும் மாலையில். நேரில் வரலாம், கடிதம் கொடுக்கலாம், நம் சார்பில் ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அசெஸரின் மதிப்பு சரி என்றுதான் சட்டம் தொடங்குகிறது. தவறு என்று நிரூபிப்பது நம் பாடு. அதனால் முதல் வாக்கியத்திலேயே எண்ணைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்கள் வைத்தது 4,50,000, என் கணக்கில் 4,30,000, அதற்கு இந்த நான்கு விற்பனை ஆதாரம்." வரி தாங்க முடியவில்லை, ஓய்வூதியம் போதவில்லை, ஒரே வருடத்தில் 12 சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று பேசுவோரைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். உறுப்பினர்களும் பொறுமையாகக் கேட்பார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு வரியைத் தொட அதிகாரமே இல்லை. மதிப்பையும், குடியிருப்பா வணிகமா என்பது போன்ற வகைப்பாட்டையும் மட்டுமே பார்க்க முடியும், அதுவும் இந்த ஆண்டுக்கு மட்டும். பழைய ஆண்டுகளைத் திறக்க முடியாது. மதிப்பை ஏற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு என்பதால் ஆதாரமில்லாமல் போவது நல்லதல்ல. அன்றே முடிவு சொல்ல வேண்டியதில்லை. அசெஸரை மறுபடி வீட்டைப் பார்த்துவரச் சொல்லி, தொடங்கிய 20 நாளுக்குள் கூடி முடிப்பார்கள். மொத்தக் குறைப்பு ஊரின் முழு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு குறைப்பும் செல்லாது. தயவு பார்த்து எல்லோருக்கும் குறைத்துவிடாமல் இருக்கப் போட்ட கடிவாளம் இது.

இத்தனை உழைப்புக்கு என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தக் குடியிருப்பு என்று பதிந்த வீட்டுக்கு மதிப்பில் ஒரு விலக்கு உண்டு. 95,000 டாலர் மதிப்பில் அது 38,000. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டாலருக்கும் 9 சென்ட் வீதம் குறைந்து 5,17,200 டாலரில் இல்லாமல் போகும். 4,50,000 வீட்டுக்கு விலக்கு 6,050. மிச்சம் 4,43,950. இதில் 1 சதவீதத்தை வரித் திறன் என்பார்கள், வரி விகிதத்தைப் பெருக்குவது இந்தத் தொகையோடுதான். அது ஏறக்குறைய 4,440. நகரம், கவுன்டி, பள்ளி மாவட்டம் எல்லாம் சேர்ந்த விகிதம் 110 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வரி 4,883 டாலர். மதிப்பு 4,30,000 ஆனால் 4,644. ஆக 20,000 டாலர் குறைத்தால் கிடைப்பது வருடத்துக்கு 240 டாலர் அளவில். என் அபிப்பிராயம், வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அசெஸரிடம் போனில் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான வீடுகளை மொத்தமாக மதிப்பிடும்போது அந்த அளவு முன்பின் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. மதிப்பு ஏறியதால் மட்டும் நகரத்துக்குக் கூடுதல் பணம் வந்துவிடாது. மன்றம் முதலில் தனக்கு வேண்டிய மொத்தத் தொகையை முடிவு செய்து, பிறகு மதிப்பின் விகிதத்தில் பங்கு போடுகிறது. எல்லா வீடும் 10 சதவீதம் ஏறினால் யாருடைய பங்கும் அதிகம் மாறாது. செலவே அதிகம் என்று வாதாட விரும்புகிறவர் போக வேண்டியது செப்டம்பர் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கு. அங்கே உத்தேசத் தொகை முடிவானபின் அதைக் குறைக்கலாமே தவிர ஏற்ற முடியாது. டிசம்பரில் பொதுமக்கள் பேசும் கூட்டமும் உண்டு. வரிச்சுமை தாங்காதவர்களுக்கு மாநிலம் தரும் திரும்பப்பெறும் தொகை தனி. ஆகஸ்ட் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே வருடத்தில் வரி 12 சதவீதத்துக்கு மேல், குறைந்தது 100 டாலராவது உயர்ந்திருந்தால் வருமானம் பார்க்காமலே ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள், அந்த உயர்வு புதிதாகக் கட்டியதால் வந்ததாக இல்லாவிட்டால். மன்றத்தில் கண்ணீர் விடுகிற பெரியவர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த விண்ணப்பம்தான். யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் ஜூனில் கவுன்டி குழு. ஆனால் உள்ளூர்க் குழு உள்ள ஊரில் முதலில் அதற்குப் போயிருந்தால்தான் அங்கே கேட்பார்கள். அதற்கும் மேலே மாநில வரி நீதிமன்றம் இருக்கிறது. வரி கட்டும் ஆண்டின் ஏப்ரல் 30 கடைசி நாள். அதன் சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் தேவையில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பே இறுதி.

மாமாவின் மகன் இந்தப் பக்கம் வீடு வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, அவனிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். குடியேறியதும் சொந்தக் குடியிருப்பு விண்ணப்பத்தை டிசம்பர் 31-க்குள் கவுன்டியில் கொடுக்க வேண்டும். அது தானாக நடக்காது. விசாவில் இருப்பவர்களும் கேட்கலாம். முன்பு இருந்தவர் பெயரில் இருந்த சலுகை தொடரும் என்று நம்பி விட்டுவிட்டால் விலக்கும் போகும், திரும்பப்பெறும் தொகையும் போகும்.

அங்கே சீராய்வு மனு வந்தால் அளவெடுக்க மறுபடி நேரில் போவீர்களா, பதிவேட்டை மட்டும் பார்த்து முடிப்பீர்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஏப்ரல் 30-க்குள் முதல் அரையாண்டு வரியைக் கட்டி 5 சதவீதச் சலுகையை வாங்கிவிட்டீர்களா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்